கம்ப்யூட்டர் திரை கறுத்தால் பட்டனை அமுக்காதீர்!



2013-ஆம் ஆண்டு ஆடித்தபசு வாரம். சங்கரன்கோவிலில் திருவிழாக் கூட்டம் என்றால் சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைகள் அத்தனைக்கும் சரக்கு ஓட்டம் என்பது நம் பகுதி வணிகர்கள் அறிந்ததே. புளியங்குடியில் எங்கள் மளிகை மொத்தக் கடையில் அன்று காலை ஏழரைக்குப் பில் போட ஆரம்பித்தது, மதியம் ஒரு மணி வரை ஓயவில்லை. பில் போடும் தம்பிக்கு விருதுநகரிலிருந்து பருப்பு விலை பற்றி ஒரு போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் கம்ப்யூட்டர் திரை கன்னங்கரேல் என்று இருந்தது.

“மெஷின் செத்துப் போச்சு அண்ணாச்சி” என்றான். எதிரே நாலு கடைக்காரர்கள் நிற்கிறார்கள். வாசலில் ஆட்டோ காத்திருக்கிறது. அவன் யோசிக்கவில்லை, பெட்டியில் இருந்த பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தான். விசிறி நின்றது. மறுபடி போட்டான். மெஷின் ஏதேதோ சோதனை செய்துகொண்டு வெகுநேரம் கழித்து வந்தது. பில் புரோகிராமைத் திறந்தால் அன்றைய கணக்குக் கோப்பு சேதமாகி இருந்தது. முந்தின நாள் இரவு எடுத்த காப்பி இருந்தது. அன்று காலையிலிருந்து போட்ட முப்பத்தேழு பில்லும் போயிற்று.

மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை என்பது மாலையில்தான் தெரிந்தது. பத்து நிமிடம் யாரும் தொடாததால் திரை தானாக அணைந்திருந்தது, அவ்வளவே. மவுசை லேசாக நகர்த்தியிருந்தால் பில் அப்படியே கண்முன் வந்திருக்கும்.

முப்பத்தேழு பில்லில் பெரும்பாலானவை கிட்டங்கிச் சிட்டையிலிருந்து மீண்டன. சரக்கு ஏற்றி விடுபவர் பென்சிலால் எழுதி வைக்கும் அந்தச் சிட்டையைக் ‘கம்ப்யூட்டர் வந்த பிறகு இது எதற்கு’ என்று அதற்கு முந்தின மாதம்தான் நிறுத்தச் சொல்லியிருந்தோம். நல்ல காலம், அவர் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் சிட்டையிலும் ஒரு தப்பு இருந்தது. இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரருக்கு மூன்று மூட்டை சீனி என்று எழுதியிருந்தது. அவரோ இரண்டு மூட்டைதான் வந்தது என்றார். பில்லைக் காட்டுங்கள் என்றோம். கடையில் எங்கேயோ வைத்தேன், கிடைக்கவில்லை என்றார். பேச்சு வளர்ந்தது. நாங்களும் சொல்லத் தகாத ஒரு வார்த்தையைச் சொன்னோம். அவர் இரண்டு மூட்டைக்கு உரிய பணத்தை எண்ணி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவர், இரண்டு மாதம் எங்கள் கடைப்படி ஏறவில்லை. புரட்டாசியில் இன்னொரு கடையின் பாக்கியை ஒத்துப் பார்த்தபோதுதான் அந்த மூன்றாவது மூட்டை அங்கே இறங்கியிருந்தது தெரிந்தது. அன்று மாலையே அவர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தோம். காபி வரவழைத்துக் கொடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திரை ஏன் கறுக்கிறது, அதை எப்படி நம் சௌகரியத்துக்கு வைத்துக் கொள்வது என்று நாங்கள் கேட்டுக் கற்றுக்கொண்டது அதன் பிறகே. எஸ்.எஸ்.எல்.சி. படிப்புக்கு எட்டிய அளவில் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கடைக்கு லினக்ஸ் வந்தது வீட்டுப் பிள்ளை மூலமாக. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. நம் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. எங்கள் அண்ணன் பேரன் அதில் பழகினான். கடை மெஷினில் பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து மாதம் ஒரு தடவை சர்வீஸ் ஆளுக்குப் பணம் அழுதுகொண்டிருந்த நேரம். ‘இதைப் போட்டால் அந்தத் தொல்லை குறையும், விலையும் கிடையாது’ என்று அவன்தான் மாற்றிக் கொடுத்தான். பின்னால் 2014-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது அரசுத் துறைகளையே பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னார்கள். அதற்கு முன்பே எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கையாண்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பள்ளிக்கூடங்களே லினக்ஸில்தான் நடக்கின்றன. ஆகவே இது ஏதோ படித்தவர்கள் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மாறியதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. திரை விஷயத்தை யாரும் சொல்லித் தராததுதான் குறை.

திரையை அணைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். லினக்ஸுக்கு மூத்தது யூனிக்ஸ். தொண்ணூறுகளில் வங்கிக் கிளைகளில் பச்சை எழுத்தோ மஞ்சள் எழுத்தோ ஓடிய திரைகளைப் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் உள்ளே இருந்தது யூனிக்ஸ்தான். அந்தப் பழைய குழாய்த் திரையில் ஒரே எழுத்து நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால், கண்ணாடியின் உள்பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து எழுத்தின் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அணைத்து வைத்தாலும் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் முதலில் திரையைக் கறுப்பாக்கினார்கள். மின்சாரச் சிக்கனம் பிறகு வந்தது. அமெரிக்க அரசு 1992-இல் ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டரையும் மானிட்டரையும்தான். அடுத்த ஆண்டு, 1993-இல், கம்ப்யூட்டர் மானிட்டரைத் தூங்கச் சொல்வதற்கு ‘டி.பி.எம்.எஸ்.’ என்ற பொது முறையை ‘வீசா’ என்ற அமைப்பு வகுத்தது. வங்கி விசா அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த முறை எளிமையானது. மானிட்டருக்குப் போகும் கேபிளில் படத்தோடு இரண்டு தாளத் துடிப்புகள் போகின்றன; ஒன்று வரிக்கு வரி, மற்றொன்று படத்துக்குப் படம். கம்ப்யூட்டர் வரித்துடிப்பை மட்டும் நிறுத்தினால் மானிட்டர் அரைத்தூக்கம். படத்துடிப்பை மட்டும் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் ஆழ்ந்த தூக்கம். இரண்டையும் நிறுத்தினால் முழுத்தூக்கம். இன்றைய தட்டை மானிட்டர்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது; சிக்னல் நின்றால் தூங்கும், வந்தால் விழிக்கும். கவனிக்க வேண்டியது, தூங்குவது மானிட்டர் மட்டுமே. உள்ளே கணக்கு விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே ஒரு ஏமாற்றும் உண்டு. திரையில் மீன் நீந்துவது, கடைப்பெயர் ஓடுவது போன்ற ஸ்கிரீன் சேவரைப் போட்டுவிட்டு மின்சாரம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பைசா மிச்சமில்லை; மீன் நீந்தவும் விளக்கு எரிய வேண்டுமே. வெறும் கறுப்புப் படம் காட்டினாலும் தட்டை மானிட்டரின் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். மானிட்டர் விளிம்பில் உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ மினுக்கிக்கொண்டிருந்தாலோதான் அது உண்மையில் தூங்குகிறது.

லினக்ஸில் நாங்கள் திணறியது வேறிடத்தில். திரையை அணைக்கும் அதிகாரம் ஒருவரிடம் இல்லை, நாலைந்து பேரிடம் இருக்கிறது. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி கடையைத் திறந்து வை என்பார், இன்னொரு பங்காளி வந்து ஷட்டரை இறக்குவார், அந்தக் கதைதான்.

அடித்தளத்தில் இருப்பது, படம் எதுவுமில்லாத வெறும் எழுத்துத் திரைக்கு உரிய ஏற்பாடு. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் அணைக்கும். 2017 முதல் வந்த லினக்ஸ் கருவில் இது தானாக அணைப்பதில்லை. சுட்டியும் ஜன்னலும் வைத்து வேலை செய்யும் கடைகளுக்கு இது அதிகம் குறுக்கே வராது. அதற்கு மேல் ‘எக்ஸ்’ என்ற திரைப் பணியாளன். இவனிடமே இரண்டு கடிகாரம். ஒன்று திரையைக் கறுப்பாக்குவது, பத்து நிமிடம். மற்றொன்று நாம் மேலே சொன்ன மானிட்டர் தூக்கம். இரண்டையும் ‘எக்ஸ்செட்’ என்ற கட்டளையால் மாற்றலாம். அதற்கும் மேலே டெஸ்க்டாப். அதிலே செட்டிங்ஸுக்குப் போய் ‘பவர்’ என்பதைத் திறந்தால் ‘ஸ்கிரீன் பிளாங்க்’ என்று தனியாக ஒரு நேரம் இருக்கும்; க்னோம் வகையில் கேட்காமலே ஐந்து நிமிடம் என்று வைத்திருப்பார்கள். பூட்டுத்திரைக்கு, அதாவது பாஸ்வேர்டு கேட்பதற்கு, வேறொரு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ‘சஸ்பெண்ட்’. இது மானிட்டரை அல்ல, கம்ப்யூட்டரையே தூங்க வைப்பது.

ஆடித்தபசு கூத்துக்குப் பிறகு ஒரு சர்வீஸ் ஆளை அழைத்தோம். அவர் எக்ஸ்செட் கட்டளையால் இரண்டு கடிகாரத்தையும் நிறுத்திவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை மெஷினைப் போட்டால் பழையபடியே திரை அணைந்தது. அவர் மேல் கோபப்பட்டோம். பேரன் வந்துதான் விளக்கினான்: அந்தக் கட்டளை அன்றைய ஒரு நாள் கூலிக்காரன் மாதிரி. மெஷினை அணைத்தால் அவன் வேலை முடிந்தது. தினமும் வர வேண்டுமென்றால் மெஷின் திறக்கும்போதே ஓடும் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும், அல்லது டெஸ்க்டாப் செட்டிங்ஸிலேயே மாற்ற வேண்டும். இரண்டாவது வழி நிலையானது. நமக்குப் போதுமானதும் அதுவே.

இப்போது எங்கள் கடையில் இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறோம்.

பில் கவுண்டரில் ஸ்கிரீன் பிளாங்க் ‘நெவர்’. திரை தானாக அணையவே அணையாது. பூட்டும் கிடையாது, சஸ்பெண்டும் கிடையாது. க்னோமில் கால் மணி நேரத்துக்கு மேல் போனால் அடுத்தது நெவர்தான், எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற வகைகளில் அரை மணி என்றும் வைக்கலாம். கவுண்டரில் பூட்டு ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு மாதிரிதான். திரை பூட்டியிருப்பது தெரியாமல் சோப்பை ஸ்கேன் செய்தால் அந்த எண் பாஸ்வேர்டு பெட்டிக்குள் போய் விழும். பையன் மறுபடி மறுபடி ஸ்கேன் செய்வான், மெஷின் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று மறுபடி மறுபடி சொல்லும். கவுண்டரில் எந்நேரமும் ஆள் இருக்கிறார், அவரே பூட்டு.

கணக்கறை நேர்மாறு. அங்கே பேரேடும் கடைக்காரர் பாக்கியும் வங்கி விவரமும் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை சாப்பிடப் போன நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம், விலைப்பட்டியலில் ஒரு எண்ணை மாற்றலாம். ஆகவே ஐந்து நிமிடத்தில் திரை அணையும், அணைந்த உடனே பூட்டிக்கொள்ளும். முதலில் சலித்துக்கொண்டார், ‘அண்ணாச்சி என்னை நம்பலையா’ என்றுகூடக் கேட்டார். கல்லாப்பெட்டிக்குச் சாவி இருப்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை நம்பாமல் அல்லவே என்று சொன்னோம். இன்று அவரே பழகிவிட்டார்.

சஸ்பெண்டைக் கடையில் எங்கேயும் வைப்பதில்லை. உள்ளறை மெஷினில் இருக்கும் கணக்கைக் கவுண்டர் மெஷின் வயர் வழியாகத்தான் பார்க்கிறது. அது தூங்கினால் கவுண்டரில் பில் நிற்கும். ‘பவர்’ பக்கத்தில் ‘ஆட்டோமேட்டிக் சஸ்பெண்ட்’ என்று இருப்பதை நிறுத்தி வையுங்கள். திரை அணைப்பும் இதுவும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரை கறுக்கத்தான் செய்யும். கேபிள் கழன்றிருக்கலாம், யாரோ மானிட்டர் பட்டனைத் தட்டியிருக்கலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். முதலில் மவுசை நகர்த்து. வரவில்லையென்றால் ஷிஃப்ட் விசையைத் தட்டு. எக்காரணம் கொண்டும் என்டர் விசையைத் தட்டாதே. திரை இருண்டிருக்கும்போது தட்டும் விசையும் பில் புரோகிராமுக்குப் போய்ச் சேரக்கூடும். எங்கள் கடையில் ஒருநாள் திரையை எழுப்புவதற்காக என்டரைத் தட்ட, பாதி பில் ‘முடிந்தது’ என்று அச்சாகி வந்துவிட்டது. அடுத்து, நம் லாக் விசையைத் தட்டிக் கீபோர்டில் அதன் சிறு விளக்கைப் பார். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது. கோளாறு மானிட்டரிலோ கேபிளிலோதான். பெட்டிப் பட்டனைத் தொடவே வேண்டியதில்லை. விளக்கு அசையவே இல்லை, ஐந்து நிமிடம் பொறுத்தும் அசையவில்லை என்றால் மட்டும் எங்களைக் கூப்பிடு. அந்தப் பட்டனை நாலைந்து விநாடி அமுக்கிப் பிடிப்பது ஓடும் லாரியின் சாவியைப் பிடுங்குவதற்குச் சமம்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். இன்றைய தட்டை மானிட்டர் ஒன்று சுமார் 20 வாட். கடை பூட்டிய பத்து மணி நேரமும் வீணே எரிந்தால் நாளைக்கு கால் யூனிட்டுக்கும் குறைவு, மாதம் 6 யூனிட். கடை இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 ரூபாய். பழைய குழாய் மானிட்டர் என்றால் 80 வாட் வரை இழுக்கும். மாதம் 240 ரூபாய். விடத் தேவையில்லை, ஆனால் இதற்காகக் கடை எழுந்து நிற்கப் போவதில்லை. இரவில் கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்து, மானிட்டர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனால் போதும்.

திரை அணைப்பால் நாங்கள் கண்ட உண்மையான லாபம் வேறு. 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையைத் தவிர்த்த ஊர்களில் நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் நாம் வியாபாரம் செய்த வருடம் அது. அப்போது எங்களிடம் குழாய் மானிட்டர். 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. மெஷின் 60 வாட், மானிட்டர் 80 வாட். கால் மணி நேரத்தில் யூ.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்துவிடும். பில் போடாத நேரத்தில் மானிட்டரை மட்டும் அணைத்தால் அதே பேட்டரி அரை மணிக்கு மேல் தாங்கியது. இப்போது கவுண்டரில் பேரன் ஒரு படம் வைத்துக் கொடுத்திருக்கிறான்; அதைச் சொடுக்கினால் மானிட்டர் உடனே தூங்கும், மவுசைத் தொட்டால் விழிக்கும். உள்ளே இருப்பது ‘எக்ஸ்செட் டி.பி.எம்.எஸ். ஃபோர்ஸ் ஆஃப்’ என்ற அதே கட்டளை. கரண்ட் போன உடன் பையன் அதைச் சொடுக்கிவிட்டுக் கடைக்காரரிடம் பட்டியல் கேட்பான். முழுப் பட்டியலும் வாங்கிய பிறகே திரையை எழுப்பிப் பில் அடிப்பான். குழாய் மானிட்டர் போய் தட்டை மானிட்டர் வந்த பிறகு வித்தியாசம் முன்போல் இல்லை. இருந்தாலும் தேய்ந்த பேட்டரியில் ஐந்து நிமிடம் என்பது ஐந்து பில்.

ஒரு எச்சரிக்கை. மெஷினைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது இந்த ஏற்பாடெல்லாம் கலைந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. டெபியன் லினக்ஸின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து க்னோம் டெஸ்க்டாப்பில் ‘எக்ஸ்’ என்ற பழைய பணியாளனுக்குப் பதில் ‘வேலண்ட்’ என்ற புதிய பணியாளன் வந்துவிட்டான். அவனுக்கு எக்ஸ்செட் பாஷை புரியாது. நாங்கள் பதிப்பு மாற்றிய மறுநாள் கவுண்டர் படத்தைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் திரையும் அணைந்து பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு பேரனுக்குத்தான் தெரியும், அவனோ கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். போனில் கேட்டு உள்ளே போனோம். லாகின் திரையில் பழைய எக்ஸ் முறையையே தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி இருந்ததால் படமும் மறுபடி வேலை செய்தது. இனி வரும் பதிப்புகளில் அந்த வழி இருக்காது என்கிறான்.

அதிலிருந்து பதிப்பு மாற்றுவதைத் திருவிழா, பண்டிகை இல்லாத வாரத்தில், கடை விடுமுறை நாளில் மட்டுமே வைத்துக்கொள்கிறோம். மாற்றிய அன்றே இருபது நிமிடம் எதையும் தொடாமல் திரைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். கவுண்டர் எத்தனை நிமிடம், கணக்கறை எத்தனை நிமிடம், பூட்டு உண்டா இல்லையா என்பது வரிசெலுத்திய ரசீதுகள் இருக்கும் ஃபைலில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறது. கிட்டங்கிச் சிட்டையும் இன்றுவரை பென்சிலில் எழுதப்பட்டு வருகிறது.